மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். பெண் பிறந்த வீட்டை விட்டு நகரமாட்டாள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என்னைக் கப்பலேற்றிக் கூட்டிப் போகப்போவதாக என் வீட்டுக்காரர் சுப்ஹான் சொன்னபோது, தெருவே மூக்கில் விரலை வைத்தது. எங்கள் ஊர் ஆண்கள் சிலோனுக்கும் கல்கத்தாவுக்கும் தனியாகப் போவார்கள், தனியாகத் திரும்புவார்கள். இவருக்கு மட்டும் மலாயாவின் ஜொகூர், அதுவும் பெண்சாதியோடு. "ஒத்தையில தின்னா சோறு எறங்க மாட்டேங்குது மாமி" என்று என் உம்மாவிடமே சொல்லிவிட்டார். வெட்கம் கெட்ட மனுஷர். உம்மா அழுதார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்களுக்கு மருமகனைப் பிடித்துப் போயிற்று என்பது எனக்குத் தெரியும்.

ஜொகூரின் குளுவாங் ஊரில் ரயிலடிக்கு எதிரே அவருடைய கடை. முன்னால் தேத்தண்ணியும் ரொட்டியும் பலசரக்கும், மேலே படுக்கை, பின்னால் அடுப்படி. அடுப்படியில் பாதி இடத்தை வெங்காய மூட்டையும் அரிசி மூட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் நான் திரும்பினால் சட்டி உருளும்.

வந்த மறுநாளே ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஊரில் ஆண்கள் நடக்கிற தெரு வேறு, பெண்கள் நடக்கிற முடுக்கு வேறு. வீட்டுக்கு வீடு பின்பக்கமாக ஓடும் அந்தக் குறுகல் சந்தில் ஆண்பிள்ளை யாரும் கால் வைக்க மாட்டார்கள். நாங்கள் இஷ்டத்துக்கு ஊரெல்லாம் சுற்றி வருவோம். குளுவாங்கில் அடுப்படிக் கதவைத் திறந்தால் அதே மாதிரி ஒரு சந்து. பரவாயில்லையே, இங்கேயும் பெண்களுக்கு முடுக்கு விட்டிருக்கிறார்களே என்று சந்தோஷமாகத் துப்பட்டிகூடப் போர்த்தாமல் இறங்கினேன். எதிரே மலவாளி தூக்குகிற ஆள் தோளில் இரண்டு வாளிகளோடு வந்துகொண்டிருந்தான். அவனும் பயந்தான், நானும் பயந்தேன். உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியவள், அதற்குப் பிறகு வெகுநாள் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. கதவில் கை போகிற அளவுக்கு ஒரு சின்னச் சன்னல் இருந்தது. வெளியுலகத்துக்கும் எனக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சன்னல் வழியாகத்தான் காய் வாங்குவேன். காலையில் "சாயோ...ர்!" என்று ஒரு கரகரத்த குரல் வரும். காய்கறிக்கு மலாயில் அதுதான் பெயர் என்று என் வீட்டுக்காரர் சொல்லித் தந்திருந்தார். எட்டிப் பார்த்தால் ஒரு கூம்புத் தொப்பி, நீளக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தோளில் காண்டா என்கிற காவுக்கம்பு, அதன் இரண்டு பக்கமும் தொங்குகிற கூடைகள். சீனத் தோட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். கால்சட்டை போட்டிருந்தால் ஆண்பிள்ளைதான். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு இதில் சந்தேகம் வர வழியே இல்லை.

அந்நிய ஆணுக்கு முகம் காட்டக்கூடாது, குரலும் காட்டக்கூடாது. அதனால் வாயே திறக்காமல் சன்னலில் கூடையை நீட்டுவேன். உள்ளே சில்லறை இருக்கும். வேண்டியதை விரலால் காட்டுவேன். அந்த ஆளும் அதிகம் பேசாமல் கத்தரிக்காயோ பயற்றங்காயோ நிரப்பித் தருவான். சில நாள் கேட்காமலே மேலாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிடக்கும். சீனன் எதற்காகக் கறிவேப்பிலை வளர்க்கிறான் என்று ஒருநாள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே அதை ஆணத்தில், குழம்பைத்தான் அப்படிச் சொல்வோம், கிள்ளிப் போட்டேன். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

ரப்பர் விலை படுத்துக் கிடந்து மறுபடி எழுந்த வருஷத்தில் ஆரிஃபா பிறந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலிருந்து ஒரு மலாய் மருத்துவச்சி வந்து பேறு பார்த்தாள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஆனாலும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். அல்லாஹ் அவளுக்கு எல்லா நன்மையும் தரட்டும். பிள்ளை பிறந்தபின் நாற்பது நாள் வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வாசல் தாண்டியே பழக்கமில்லாதவளுக்கு அது என்ன பெரிய கஷ்டம்?

கஷ்டம் வேறு ரூபத்தில் வந்தது. நாற்பது முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அன்று விடியற்காலை மழை பெய்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மகள் என்றால் உயிர். கடை திறப்பதற்கு முன் அவளை ஒரு தடவை தூக்கி முத்தம் கொடுக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. அன்றைக்கும் தொட்டிலிலிருந்து தூக்கினார். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறு கையில் பிள்ளை.

"என்னங்க, கழுத்துக்குக் கை குடுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்து ஆடியது. வீல் என்று ஒரு சத்தம். அதோடு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மார்பில் போட்டால் வாய் வைக்கவில்லை. தலையை ஒரு பக்கமே வைத்துக்கொண்டு, மறுபக்கம் திருப்பினால் துடித்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தூக்குகிற கை தவறிப் பச்சைப்பிள்ளையின் கழுத்தோ தோளோ பிசகிக்கொண்டால், உரம் விழுந்துவிட்டது என்போம். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடு, இந்து வீடு என்றில்லை, எல்லா வீட்டிலும் இதே வார்த்தைதான், இதே வைத்தியம்தான். பழைய நூல்புடவையை விரித்துப் பிள்ளையை நடுவில் போட்டு, இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை ஒருத்தியும் பிடித்துக்கொள்வார்கள். இவள் மெல்ல உயர்த்தும்போது அவள் மெல்லத் தாழ்த்துவாள். பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தானாக உருண்டு வரும்போது பிசகு விட்டுவிடும். உரம் எடுப்பது என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் இதற்கு ஆள் தேடவே வேண்டாம். முடுக்கில் நின்று ஒரு குரல் கொடுத்தால் பத்துக் கைகள் வரும்.

"உரம் விழுந்திருக்கு. எடுக்கணும்" என்றேன்.

"எடு புள்ள, எடு" என்றார் பதறிப்போய்.

"ஒத்தையில எப்படிங்க எடுக்குறது? புடவைக்கு ரெண்டு முனை இருக்கே."

"நான் புடிக்கிறேன்."

பிடித்தார். நான் உயர்த்தும்போது அவரும் உயர்த்தினார். நான் தாழ்த்தினால் அவரும் தாழ்த்தினார். வெங்காய மூட்டையில் முழங்கை இடித்தது. துணி வேறு அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பிள்ளையைப் போட்டுவிடுவாரோ என்று பயந்துபோனேன். "விடுங்க, விடுங்க" என்று பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன். பாவம், அவர் முகம் செத்துப்போயிற்று. என்னால்தானே, என்னால்தானே என்று இரண்டு முறை சொன்னார். பிறகு கடையைத் திறக்காமலே, என்னை முன்கதவைத் தாழிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் அன்று ஊரில் இல்லை, ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் சேற்றுப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அங்கே வரைக்கும் போயிருக்கிறார்.

நான் தனியாக இருந்தேன். மழை விட்டது. பிள்ளையின் குரல் கம்மி, பிறகு வெறும் மூச்சாகிப் போயிற்று. அதுவரை அழுகிறாளே என்று தவித்தவளுக்கு, அழுகை அடங்கியபோதுதான் உயிரே போய்விட்டது. பால் குடித்து எவ்வளவு நேரமாகிறது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. நாக்கை நனைக்கலாம் என்று பாலைப் பீய்ச்சித் துணியில் தொட்டு வைத்தேன். அதுவும் கடைவாயில் வழிந்துவிட்டது.

அடுப்படிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே வாய்விட்டுப் பேசினேன்.

"யா அல்லாஹ், பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கே. புடவையும் இருக்கு, நானும் இருக்கேன். மறுமுனையப் பிடிக்க ஒரு ஆளு இல்லியே. இத்தன பெரிய ஊருல உரம்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு சீவன் இல்லியே!"

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று தரையில் இறங்கியது. காண்டாவை இறக்கி வைக்கிற சத்தம்.

"உரமா?" என்றது ஒரு குரல். "எந்தப் பக்கம் திருப்ப மாட்டேங்குது?"

தமிழ்தான். அதுவும் எங்கள் தாமிரபரணிப் பக்கத்து இழுவை இருக்கிற தமிழ். கரகரத்த குரல், ஆனால் பெண் குரல்.

"யாரு?"

"நாந்தான், காய் கொண்டாரவ. கதவத் தொறங்க பாயம்மா. பச்சப்புள்ளைய ரொம்ப நேரம் அப்படியே விடக்கூடாது."

சன்னல் வழியாகப் பார்த்தேன். கூம்புத் தொப்பி. அதற்குக் கீழே கறுப்புக் கால்சட்டை. என்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது. அதற்குள் அந்தத் தொப்பி கழன்றது. உள்ளே எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை, காதில் சின்னத் தோடு. முகம் சீன முகம். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபோது முன்கையில் தெரிந்தது எங்கள் பக்கத்துப் பெண்கள் குத்திக்கொள்ளும் பச்சை, கோலப் புள்ளியும் கோடுமாக.

இத்தனை மாதமாக நான் ஒரு பெண்ணிடம் கோஷா இருந்திருக்கிறேன்! வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது சிரிக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அவள் குடத்துத் தண்ணீரை மொண்டு முழங்கைவரை கழுவினாள். பிள்ளையின் கழுத்தடியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்படியைச் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இங்க முடியாது. புடவ நீளத்துக்கு எடமில்ல. வெளிய வாங்க."

"வெளியவா? இன்னும் நாப்பது கழியல. அது ஆம்பளைங்க வர்ற சந்து."

"இருக்கட்டும் பாயம்மா. புள்ளையப் பாப்பமா, சந்தப் பாப்பமா?"

துப்பட்டியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. தொட்டிலில் கட்டியிருந்த புடவையை அவிழ்த்தேன். உம்மா கட்டிக் கட்டி நைந்துபோன வெள்ளைப் புடவை அது. பெட்டியில் வைக்கும்போது, "பிள்ளைக்குத் தொட்டில் கட்ட இதுதான் மெத்துன்னு இருக்கும்" என்று சொல்லித் தந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, என்னை விரட்டியடித்த அதே சந்தில், வெறும் காலோடு இறங்கினேன்.

புடவையை அகலத்தில் நான்காக மடித்துப் பிள்ளையை நடுவில் கிடத்தினோம். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன். அவள், "பேச்சித் தாயே" என்றாள். அவள் முனையை உயர்த்தினாள், நான் தாழ்த்தினேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. என் கைக்கு எப்போது இறங்க வேண்டும், எப்போது ஏற வேண்டும் என்று அவள் கையைப் பார்த்தே தெரிந்தது. பிள்ளை மெல்ல என் பக்கம் உருண்டாள். மெல்ல அவள் பக்கம் உருண்டாள். அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "ஓடிரு, ஓடிரு, எம்புள்ளைய விட்டு ஓடிரு" என்கிற மாதிரி கேட்டது. எம்புள்ள என்றுதான் சொன்னாள்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்திருக்கிறார். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்ததால் பின்பக்கமாக வந்தார். சந்தின் முனையில் அவரை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். நாற்பது கழியாத பெண்சாதி, தலையில் முக்காடு நழுவி, நட்டநடுச் சந்தில் ஒரு சீனப்பெண்ணோடு புடவை பிடித்து நிற்கிறாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சைக்கிளைச் சந்துக்குக் குறுக்கே நிறுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை விரித்துக் காவல் நின்றார். அந்தப் பக்கமாக வந்த இரண்டு மூன்று ஆண்களை வேறு வழியாகப் போகச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் அது எங்கள் ஊர் முடுக்காகவே இருந்தது. அவர் அன்று நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். கோப்பையும் கையுமாகப் பிள்ளையைத் தூக்கியதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

பிள்ளை திடீரென்று ஒரு பெரிய மூச்சு விட்டாள். கை கால் எல்லாம் தளர்ந்தன. நான் பயந்து அலறப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தூங்குது" என்றாள் அவள். "உள்ள கொண்டுட்டுப் போங்க. எந்திரிச்சதும் பால் குடிக்கும்."

அடுப்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் எதிரே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் கீரை வாடிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வெகுநேரம் கழித்து ஆரிஃபா கண் விழித்தாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு பசியில் என் சட்டையைக் கவ்வினாள். அவள் குடிக்கிற சத்தம் கேட்டபோது நான் ஓவென்று அழுதுவிட்டேன். காய்க்காரியும் அழுதாள்.

சாயங்காலம் டாக்டர் தன் வண்டியில் வந்து இறங்கினார். அவ்வளவு தூரத்திலிருந்து, என் வீட்டுக்காரரிடம் சொன்ன சொல்லுக்காக வந்தார். பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறாள், பால் கொடுங்கள் என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். உரம் எடுத்ததால் சரியாயிற்றா, அழுது களைத்துத் தூங்கியதால் சரியாயிற்றா என்று அவர் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. என் மனசும் கேட்கவில்லை.

ஆனால் டாக்டர் வருவதற்கு முன்பே எனக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. இவளுக்கு நான் என்ன சொல்வது? நன்றி என்று வாயால் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யாராவது நல்லது செய்தால் உட்காரவைத்துச் சோறு போடுவோம். அதனால், "பசியாறாமப் போகக்கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். சோறும் மீன் ஆணமும் வைத்தேன். அவள் கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"எங்க வூட்டுல குச்சிலதான் சாப்பிடணும்" என்றாள். "கையில பெசைஞ்சு நாளாச்சு. கறிவேப்பில நல்லா வாசமா இருக்குல்ல?"

"ஒங்க கறிவேப்பிலதானே. எதுக்குக் கேக்காமலே போட்டீங்க?"

"பாய் கட ஆச்சே, தாளிப்பாருன்னு போட்டேன். நீங்க மலாய்க்காரின்னு நெனச்சேன். இங்க வர்ற பாய்ங்க பாதிப்பேரு மலாய்ப் பொண்ணத்தானே கட்டுறாங்க. நீங்க வேற ஒரு வார்த்த பேசினதில்லையா, அப்புறம் ஊமையோன்னு நெனச்சேன்."

"நான் ஒங்கள ஆம்பளைன்னுல்ல நெனச்சேன்!"

அவள் சோற்றுக் கையோடு சிரித்த சிரிப்பில் பிள்ளை திடுக்கிட்டு விழித்தது. முன்கடையிலிருந்து என் வீட்டுக்காரர், "என்ன, என்ன?" என்று குரல் கொடுத்தார். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்வார்.

அவள் கதையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னாள். "நான் பொறந்தது சீன வூட்டுல பாயம்மா. அங்க ஏற்கெனவே பொட்டப்புள்ளைங்க. கொடுத்துட்டாங்க. தோட்டத்துக் கூலிக்காரங்க லயத்துலேர்ந்து எங்க ஆத்தா வெள்ளையம்மா வந்து வாங்கிக்கிட்டாங்க. எங்க அய்யா சின்னத்தம்பி, ரெண்டு பேரும் ரப்பர்ப் பால் மரம் வெட்டுனவங்க. அவங்களுக்குப் புள்ள இல்ல. கொலசாமி பேர வச்சாங்க, பேச்சியம்மான்னு. லயத்துல எந்தப் புள்ளைக்கு உரம் விழுந்தாலும் எங்க ஆத்தாகிட்டதான் தூக்கிட்டு வருவாங்க. மறுமுனை எப்பவும் நாந்தான் புடிப்பேன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

அவள் கை சோற்றில் நின்றது. "ரப்பர் வெல விழுந்துச்சுல்ல? தோட்டத்துல ஆளக் கொறச்சு, கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு முன்னாலேயே என்னையக் காய்த்தோட்டம் போடுற சீன ஆளு ஒருத்தரு கேட்டு வந்தாரு, கட்டிக் குடுத்துட்டாங்க. நல்ல மனுசன்தான். சூது ஆடமாட்டாரு, கை நீட்டமாட்டாரு. மாமியாளும் நல்லவங்கதான். ஆனா அவங்க பேச்சு எனக்கு இன்னும் சரியா வரல. அவருகிட்ட மலாய்ல பேசுவேன். தமிழ் பேசணும்னா பயத்தங்கொடிகிட்டதான் பேசணும். இன்னிக்குக் கதவுக்குப் பின்னால உரம்னு கேட்டதும் எங்க ஆத்தாதான் வந்துட்டாங்களோன்னு நெனச்சேன். உரம்னு ஒரு சொல்லு என் காதுல விழுந்து எம்புட்டுக் காலமாச்சு!"

அவள் புறப்படும்போது, "பேச்சி லாத்தா, நாளைக்கும் வரணும்" என்றேன். எங்கள் ஊரில் உடன்பிறந்த மூத்தவளைத்தான் லாத்தா என்போம். வேறு யாரையும் அப்படி அழைக்க என் வாய் வராது. அன்று தானாக வந்தது. அவள் காண்டாவைத் தோளில் ஏற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, பேச்சி லாத்தா என்று ஒரு பேர் ஏழு கடலுக்கு அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது என்று சிரித்தார். இல்லாவிட்டால் என்ன? இப்போது இருக்கிறது. அன்றிலிருந்து நான் தொழுதுவிட்டுத் துஆ கேட்கும்போது உம்மா, வாப்பாவுக்கு அடுத்து அந்தப் பேர்தான் வரும். அல்லாஹ்வுக்கு அது விசித்திரமாக இருந்திருக்காது.

அதற்குப் பிறகு "சாயோர்" என்ற சத்தம் எங்கள் வாசலில் கேட்டதில்லை. "பாயம்மா, பசியாறியாச்சா?" என்றுதான் வருவாள். நானும் கதவைத் திறந்துவைத்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொல்வேன். கத்தரிக்காய் வாங்குகிற நேரம் போக மீதி நேரம் மாமியார், மழை, ஆரிஃபாவின் முதல் பல் என்று பேசித் தீர்ப்போம். ஊரிலிருந்து வந்தபோது நெஞ்சில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்தேன், அது எந்த நாளில் இறங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

ஆரிஃபா தவழ்கிற சமயத்தில் பேச்சி லாத்தாவுக்கு வயிறு தெரிந்தது. மாதம் ஏறியதும் காண்டா தூக்க வரவில்லை. அவள் புருஷன்தான் காய் கொண்டுவந்தார். நான் பழையபடி சன்னலில் கூடையை நீட்டினேன். கறிவேப்பிலை மட்டும் தவறாமல் இருந்தது. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு மலாய் போதவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன். ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, நலம் என்று சொன்னாராம். அவளுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து அன்று பாயசம் காய்ச்சினேன்.

போன மாதம் ஒரு காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் பேச்சி லாத்தா. காண்டா இல்லை, கூடை இல்லை. முதுகில் துணியால் கட்டிய பிள்ளை. இவ்வளவு தூரம் பச்சைப்பிள்ளையோடு நடந்து வந்திருக்கிறாள். இவனுக்கும் உரம் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்து உம்மாவின் வெள்ளைப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு முனையை அவளிடம் நீட்டினேன்.

"எந்தப் பக்கம் திருப்ப மாட்டேங்குறான் லாத்தா?"

அவள் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கு ஒண்ணுமில்ல பாயம்மா. நல்லா இருக்கான், நல்லா குடிக்கிறான்."

"அப்புறம் எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க? என் உசுரே போச்சு."

"எங்க வூட்டுல எல்லாரும் அவங்க பேச்சுலதான் கொஞ்சுறாங்க. நல்லாத்தான் கொஞ்சுறாங்க. நேத்து ராத்திரி அவன் ரொம்ப அழுதான். உரம் விழுந்துருச்சோன்னு ஒரு நிமிசம் பயந்துட்டேன். ஆத்தாவும் இல்ல, யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் ஒங்க நெனப்பு வந்துச்சு. பயமே போயிருச்சு. அவனுக்கு ஒண்ணுமில்லதான். ஆனா, எடுக்க ஆளு இருக்குன்னு ஒங்ககிட்டச் சொல்லணும்போல இருந்துச்சு. அதான் விடிஞ்சதும் வந்துட்டேன்."

நான் புடவையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையை அவள் முதுகிலிருந்து வாங்கினேன், கழுத்துக்குக் கை கொடுத்து. அவன் என்னை முறைத்துப் பார்த்தான்.

"ஒங்க ஆத்தா இருந்தா இவன என்னன்னு கூப்பிடுவாங்க லாத்தா?"

"அய்யான்னு கூப்பிடுவாங்க. வா அய்யான்னு."

"வா அய்யா" என்றேன். "ஒன் சின்னம்மா வூட்டுக்கு வா."

பேச்சி லாத்தா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் அவளுக்குச் சோறு வைத்தேன்.